பழைய தீவும் புதிய மண்டபமும்

ஒரு வீட்டிற்குப் புதிதாக ஓர் அறை சேர்த்துக் கட்டுவதென்றால், கொத்தனார் முதலில் பழைய சுவரின் வலிமையைத் தட்டிப் பார்க்கிறார். கூரையின் சரிவு எப்பக்கம், காற்று வரும் திசை எது, வாயில் எங்கே திறக்கிறது என்பவற்றையெல்லாம் கவனிக்கிறார். இவற்றைப் பாராமல் கட்டிய அறை வீட்டோடு ஒட்டுவதில்லை. மழைக்காலத்தில் இரண்டு சுவர்களுக்கும் நடுவே நீர் இறங்குகிறது. வரலாற்றைக் காட்டுவதற்கென்று போற்றப்படும் ஓர் இடத்தில் புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கும்பொழுதும் இத்தகைய கவனம் வேண்டும். ஏற்கனவே அங்கு நிற்பவற்றோடு புதியது எவ்வாறு பொருந்தும் என்னும் வினா எழாமல் இராது. அந்தமான் தீவுகளில் அவ்வினா இந்நாளில் உயிருள்ள வினாவாக நிற்கிறது. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

2023ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பிறந்த நாளன்று, அவருக்கென எழுப்பத் திட்டமிட்ட தேசிய நினைவுச் சின்னம் ஒன்றின் மாதிரியைப் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்டார். போர்ட் பிளேர் துறைமுகத்தின் வாயிலில் உள்ள ஒரு சிறு தீவே அதற்குரிய இடம். நெடுங்காலம் ராஸ் தீவு என வழங்கிய அத்தீவு, 2018 டிசம்பர் 30 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது. அரசு அறிவிப்பின்படி, புதிய நினைவிடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கும். கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி இருக்கும். ஒளியும் ஒலியும் கலந்த காட்சி இருக்கும். பழைய கட்டடங்களினூடே வழிகாட்டியுடன் நடந்து செல்லும் பாதை இருக்கும். சிறுவர்களுக்கென ஒரு கேளிக்கைப் பூங்காவும், உணவு விடுதியும் இருக்கும். தீவின் பரப்போ ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்தனை சிறிய நிலத்தில், இத்தனை பழைய நினைவுகளின் நடுவே, இத்தனை புதிய பகுதிகளும் எவ்வாறு பொருந்தும்?

தாயகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வினாவில் தனி அக்கறை உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். சென்னையிலிருந்து கப்பலேறி, மூன்று நாட்கள் கடலில் கழித்து, மரம் வெட்டவும் சாலை போடவும் கடை வைக்கவும் சென்றவர்கள் பலர். அவர்கள் பிள்ளைகள் இன்று அத்தீவுகளின் மக்கள். தாம் வாழும் ஊரின் வரலாறு எவ்வாறு சொல்லப்படுகிறது, அதில் தமக்கு இடம் உண்டா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பம்பாயிலோ, பெங்களூரிலோ, கல்கத்தாவிலோ வாழும் நமக்கும் அதே உரிமை, நாம் வாழும் ஊர்களைப்பற்றி உண்டன்றோ?

முதலில் கேளிக்கைப் பூங்காக்களின் முறை யாது என்று பார்ப்போம். 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில், வால்ட் டிஸ்னி என்பார் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவைத் திறந்து வைத்தார். பழைய அமெரிக்கச் சிற்றூரின் கடைவீதி ஒன்று. அதைக் கடந்தால் அடர்ந்த காடு, எல்லைப்புறக் குடியேற்றம், தேவதைக் கதை, வருங்காலம் என ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி உலகம். ஒன்றில் நிற்பவர் மற்றொன்றைக் காணாதபடி மரங்களும் மேடுகளும் இடையே அமைக்கப்பட்டன. பூங்காவைச் சுற்றி எழுப்பிய மண்மேடு, வெளியுலகமே கண்ணிற் படாதபடி மறைத்தது. பிற்காலத்தில் அங்குப் புதிய உலகங்கள் சேர்க்கப்பட்டன. 1966இல் நியூ ஆர்லியன்ஸ் சதுக்கமும், 2019இல் விண்வெளிப் போர்த் திரைப்படங்களைத் தழுவிய பகுதியும் அவ்வாறு வந்தவை. ஒவ்வொரு முறையும், இது பழையவற்றோடு பொருந்துமா, பூங்காவின் இயல்பைக் கெடுக்குமா என்ற விவாதம் அங்கு எழுவது வழக்கம். ஆயினும் அவ்விவாதத்தில் இழப்பு பெரிதன்று. பொருந்தாவிடின் பூங்காவின் அழகு சிறிது குறையும், அவ்வளவே. அங்கே உள்ளவை யாவும் கற்பனையாற் செய்யப்பட்டவை. ஒன்றை இடித்து மற்றொன்றைக் கட்டினால் எந்த மனிதனுடைய சாட்சியும் அழிவதில்லை.

நம் நாட்டில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறொரு வகை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பகுதி பிரித்து, அழிந்து போகவிருந்த பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொணர்ந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். வீடுகள் உண்மையானவை; நிலம் புதியது. ஆதலின் எதனை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அமைத்தவர்களுக்கு இருந்தது.

அந்தமானிலோ நிலமே சாட்சி. அங்குள்ள கல்லையும் செங்கல்லையும் கொணர்ந்து வைத்தவர் காட்சிக்காக வைக்கவில்லை. இந்த வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு ராஸ் தீவின் வரலாற்றைக் காண்போம்.

1789இல் ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு பிளேர் அந்தமானில் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். அஃது 1792இல் வடக்கே மாற்றப்பட்டு, நோய்க்கு ஆற்றாமல் 1796இல் கைவிடப்பட்டது. இக்காரணத்தாலேயே, 1801இல் ஒடுக்கப்பட்ட தென்னாட்டுப் பாளையக்காரர் கிளர்ச்சியில் சிறைப்பட்ட சிவகங்கைச் சீமையினரும் அவர்தம் தோழர்களும் அந்தமானுக்கு அனுப்பப்படாமல், 1802இல் பினாங்குத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டனர். 1857ஆம் ஆண்டுப் பெரும் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர்த்தான் ஆங்கிலேயரின் பார்வை மீண்டும் அந்தமான்மேற் சென்றது. 1858 மார்ச் 10ஆம் நாள், டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையிடமாக ராஸ் தீவு தெரிந்தெடுக்கப்பட்டது. கைதிகள் காடு வெட்டினர், கல் சுமந்தனர், கட்டடங்கள் எழுந்தன. தலைமை ஆணையர் மாளிகை, மாதா கோயில், அடுமனை, அச்சகம், மருத்துவமனை, நீச்சற் குளம், வரிப்பந்தாட்டக் களம் ஆகியன அமைந்தன. கடலுக்கு நடுவே ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றே எழுந்தது போலும்!

அவ்வூரைக் கட்டிய கைகள் விலங்கு பூண்ட கைகள் என்பதை அவ்விடத்து அழகு நமக்குச் சொல்வதில்லை; யாரேனும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நிலத்தில் அவர்களுக்கு முன்பே வாழ்ந்தவர்களைப்பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய அந்தமானியர் எனப்படும் தொல்குடியினர், தம் காட்டை இழக்க இசையாமல், 1859 மே மாதம் அபர்டீனில் குடியேற்றத்தைத் தாக்கித் தோற்றனர். 1863இல் ராஸ் தீவிலேயே அவர்களுக்கென 'அந்தமான் இல்லம்' ஒன்று திறக்கப்பட்டது. பழக்கி நாகரிகப்படுத்துவதாகச் சொல்லித் திறந்த இல்லம் அது. புறவுலகத் தொடர்பினால் வந்த நோய்கள் அம்மக்களை வாரிக்கொண்டு போயின. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த மக்கள், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்துவிட்டனர். ராஸ் தீவின் இடிபாடுகளுக்கிடையே நடக்கும்பொழுது மாதா கோயிலின் சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தமான் இல்லத்தில் இருந்தவர்களின் துயரம் தெரிவதில்லை. நினைவிடத்தில் புதிதாக எதையேனும் சேர்ப்பதாயின், இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமற் போனவற்றைக் காட்டுவதே முதற் கடமை எனலாம்.

1941 ஜூன் 26ஆம் நாள் நேர்ந்த பெருநில நடுக்கத்தில் ராஸ் தீவின் கட்டடங்கள் சேதமுற்றன. அடுத்த ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் அந்தமானைக் கைப்பற்றினர். அவர்கள் அமைத்த பதுங்கு அறைகள் தீவில் இன்றும் உள்ளன. 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். ஆயினும் ராஸ் தீவிற்குத் தலைமை இடம் என்ற சிறப்புத் திரும்பவில்லை. காடு வந்து கட்டடங்களைப் பற்றிக்கொண்டது. இன்று அங்கு ஆலின் வேர்கள் சுவர்களைத் தழுவிக் கிடக்கின்றன; எது சுவர், எது வேர் என்று பிரித்தறிய இயலாத இடங்களும் உள. 1979 முதல் தீவு இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்தது.

இந்த வேர்களே ஒரு சிக்கலான வினாவை எழுப்புகின்றன. வேரை வெட்டினால் சுவர் விழும். விட்டுவைத்தால் வேரே நாளடைவில் சுவரைப் பிளக்கும். கம்போடியா நாட்டு அங்கோரில் தா புரோம் என்னும் கோயிலிலும் இதே நிலை. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அக்கோயிலை மரங்களோடு சேர்த்தே விட்டுவைத்தனர். பின்னாளில் நம் நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்குச் சென்று, மரத்தையும் கல்லையும் ஒருங்கே காக்கும் பணியில் ஈடுபட்டனர். ஒரு வேருக்கும் ஒரு சுவருக்கும் இத்துணைப் பொறுமை வேண்டியிருக்கிறது எனின், ஊர்தி நிலையத்தின் அடித்தளம் தோண்டுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, கடலுக்கு இக்கரையில் உள்ள சிறைக் கோட்டத்திற்கு வருவோம். பழைய இடமும் புதிய தேவையும் மோதிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அதுவே பெரிய பாடம்.

1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அச்சிறை, நடுவே ஒரு கோபுரமும், அதிலிருந்து ஏழு திசைகளில் நீண்ட ஏழு மூன்றடுக்குக் கட்டடங்களுமாக அமைந்தது. ஏறத்தாழ 700 அறைகள். ஓர் அறைக்கு ஒரு மனிதர். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகை நோக்கும்படி திட்டமிட்டிருந்தார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காணலாகாது, அவரோடு பேசலாகாது என்பதே அதன் கருத்து. 1933 மே மாதம் நடந்த உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 1937இல் மீண்டும் பெரும் உண்ணாநோன்பு நடந்தது. அதன் பின்னரே அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றப்பட்டனர்.

நாடு விடுதலை பெற்றது. ஏழு கட்டடங்களுள் இரண்டு ஜப்பானியர் காலத்திலேயே இடிக்கப்பட்டிருந்தன. விடுதலைக்குப் பின் இன்னும் இரண்டு இடிக்கப்பட்டன. அந்நிலத்தில் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. இச்செய்தியைக் கேட்டவுடன் சினங்கொள்வது எளிது. ஆயினும் அக்காலத் தீவு மக்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய்நாட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நோயுற்றவரைக் கொண்டுசெல்ல வேறு இடமில்லாத ஊரில், மருத்துவமனை என்பது ஆடம்பரம் அன்று. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு முன்னால், பழைய சிறையின் புகழை யார் பேசுவார்? மறுபுறம், அச்சிறையில் இளமையைத் தொலைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். தாம் அடைபட்டிருந்த அறை இடிந்து விழுவதை அவர்கள் எவ்வாறு பொறுப்பார்கள்? முன்னாள் அரசியல் கைதிகள் எழுந்து முறையிட்டனர். அதன் பயனாக எஞ்சிய மூன்று கட்டடங்களும் நடுக் கோபுரமும் காப்பாற்றப்பட்டன. 1969இல் அவை தேசிய நினைவிடமாக்கப்பட்டன. 1979 பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவற்றை நாட்டிற்கு அர்ப்பணித்தார். மருத்துவமனையும் இன்றுவரை அருகிலேயே இருந்து மக்களுக்குப் பயன்படுகிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மருத்துவமனை வேண்டும் என்பது நேர்மையான தேவை. ஆனால் வேறு நிலத்தில் அதனைக் கட்டியிருக்கலாம். இடித்த நான்கு கட்டடங்களை மீண்டும் எழுப்ப முடியாது. இன்று நின்றாலும், அவை பழைய அமைப்பைப் பார்த்துச் செய்த போலியாகவே நிற்கும். புதிய பகுதியைச் சேர்ப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: இங்கு நாம் செய்வதைப் பின்னால் வருவோர் நீக்கிவிட நேர்ந்தால், பழையது பழுதின்றி இருக்குமா? இருக்கும் எனின் தொடங்கலாம். இராது எனின் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்து, புதிய பகுதி சொல்லும் கதை எவ்வளவு முழுமையானது என்னும் வினா. நேதாஜி 1943 டிசம்பர் 29இல் அந்தமான் வந்தார். 30ஆம் நாள் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷாஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். ஷாஹீத் எனின் உயிர்த் தியாகி. ஸ்வராஜ் எனின் தன்னாட்சி. ராஸ் தீவில் அவருடைய நினைவிடம் அமைவதற்கு இந்நிகழ்ச்சியே அடிப்படை, அது தக்கதே. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தீவில் நடந்தவற்றைச் சொல்லாமல் விட்டால் கதை குறைபடும். ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தீவுகளின் தலைமை ஆணையராக அனுப்பப்பட்டவர் இந்திய தேசிய ராணுவத்தின் மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன். 1944இல் அங்குச் சென்ற அவரிடம் ஜப்பானியர் ஒப்படைத்தது கல்வித் துறையை மட்டுமே. ஏனைய அதிகாரமெல்லாம் அவர்கள் கையிலேயே இருந்தது. இந்திய சுதந்திர லீக்கின் அந்தமான் கிளைக்குத் தலைமை வகித்த டாக்டர் திவான் சிங், அதே சிறைக் கோட்டத்தில் ஜப்பானியரால் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14இல் உயிர் துறந்தார். கொடியேற்றிச் சரியாக ஒரு திங்கள் கழிந்து, ஜனவரி 30ஆம் நாள், ஹம்ப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். அவ்விடத்தில் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. போர்ட் பிளேருக்கு வருவோரில் அங்குச் செல்வோர் மிகச் சிலரே.

கொடியேற்றிய பெருமிதமும் ஹம்ப்ரிகஞ்சின் துயரமும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். ஒரே தீவினர் இரண்டையும் கண்டார்கள். கேளிக்கைப் பூங்காவின் முறைப்படி இவற்றைப் பிரித்து வைத்தால், ஒரு பகுதியில் நிற்பவருக்கு மற்றொன்று தெரியாது. ஒரு கைதியின் முகம் இன்னொரு கைதிக்குத் தெரியலாகாது என்று சிறையைக் கட்டியவர்களும் அதனையே விரும்பினார்கள். நினைவிடத்தின் முறை இதற்கு நேர்மாறாக இருத்தல் வேண்டும். நேதாஜியின் மண்டபத்தில் நிற்பவர் திவான் சிங்கைப்பற்றியும் அறிய வேண்டும். மாதா கோயிலைக் காண்பவர் அதனைக் கட்டிய கைதியைப்பற்றியும், அவனுக்கு முன் அங்கிருந்த தொல்குடியைப்பற்றியும் அறிய வேண்டும். இதனால் நேதாஜியின் பெருமை குறையாது. வல்லரசு ஒன்றின் துணையை நாடிய ஒரு தலைவர் எத்தகைய இடர்ப்பாடுகளுக்கு நடுவே நின்றார் என்பது விளங்கும்பொழுது, அவருடைய மன உறுதி இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெயர்களைப்பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நேதாஜி முழுத் தீவுக் கூட்டங்களுக்கு வைத்த பெயர்கள், 2018இல் தனித் தனித் தீவுகளுக்கு இடப்பட்டன. ஹாவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாயிற்று; நீல் தீவு ஷாஹீத் தீவாயிற்று. ஹாவ்லாக், நீல் இருவரும் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலப் படைத் தலைவர்கள். இவர்களுள் நீலைச் சென்னை நன்கறியும். அவனுடைய சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. கொடுமை புரிந்தவனுக்குத் தலைநகரின் பெருவீதியில் என்ன சிறப்பு என்று கேட்டு, 1927இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை அமைந்தபின் சிலை அகற்றப்பட்டது. அதனை உடைத்து எறியவில்லை. இன்று அஃது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீதியில் நின்றபொழுது அது நீலைப் போற்றியது. அருங்காட்சியகத்தில் நிற்கும்பொழுது, அவனைப் போற்றியவர்கள் யார் என்பதையும், அகற்றப் போராடியவர்கள் யார் என்பதையும் எடுத்துச் சொல்லும் சான்றாகிறது. பெயர் மாற்றும்பொழுதும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். புதிய பெயர்ப் பலகையின் கீழே பழைய பெயரையும், அது மாறிய ஆண்டையும், மாறிய காரணத்தையும் சிற்றெழுத்தில் எழுதி வைத்தால், பத்து வயதுச் சிறுவனும் வரலாறு கற்றுக்கொள்வான்.

பொருளை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதற்கு இன்னொரு சான்றும் நம்மிடம் உண்டு. அந்தமான் சிறையில் கைதிகளைச் செக்கிழுக்க வைத்தார்கள். நாள் ஒன்றுக்கு இத்தனை பவுண்டு எண்ணெய் என்று கணக்கு. கணக்குக் குறைந்தால் தண்டனை. அக்காட்சியை இன்று சிறை வளாகத்தில் உருவ பொம்மைகளைக்கொண்டு காட்டுகிறார்கள். 1908இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்த செக்கோ, சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பொம்மை இல்லை, ஒலி இல்லை, செக்கு மட்டுமே நிற்கிறது. அதன் முன் நிற்பவர் மனம் தானே அசைகிறது. பொம்மையால் விளக்குவது தவறு என்பது நம் கருத்தன்று. குழந்தைகளுக்கு அது தேவையே. உண்மைப் பொருள் இருக்குமிடத்தில் அதனைப் பேசவிட்டு, விளக்கத்தைச் சிறிது தள்ளி வைப்பதே நன்று என்பதே நாம் கூற வருவது.

சிறுவர் கேளிக்கைப் பூங்காவைப்பற்றியும் இதே நோக்கில் எண்ணலாம். குழந்தைகள் வரக்கூடாத நினைவிடம் இரண்டு தலைமுறையில் நினைவற்ற இடமாகிவிடும். ஆகவே ஊஞ்சலும் சறுக்கு மரமும் குற்றமன்று. அவற்றை இடிபாடுகளிலிருந்தும், தியாகிகளின் பெயர் பொறித்த கற்களிலிருந்தும் விலக்கி, கரையோரத்தில் வைக்கலாம். அன்றிப் போர்ட் பிளேர்ப் பக்கத்திலேயே வைக்கலாம். உயிர் நீத்தவர் பெயரை வாசிக்கும் தந்தையின் செவியில் ஆரவாரம் விழாத தொலைவே தக்க தொலைவு. அதனை அளக்கப் பெரிய நிபுணர் வேண்டுவதில்லை.

இறுதியாக, நமக்கே உரிய ஒரு சோதனை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி பொறித்த கல்வெட்டில், அவன் படைகள் வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரம் குறிக்கப்படுகிறது. அது நிக்கோபார்த் தீவுகளே என்பது அறிஞர் முடிபு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் புதுப் பெயர் அறிவிக்கப்பட்டபொழுது சோழர் கடற்படையின் நினைவும் எடுத்துரைக்கப்பட்டது. இனிச் சோழர் பெருமை பேசும் ஒரு மண்டபமும் அங்கு எழவேண்டும் என்று நம்மிற் பலர் விரும்புதல் இயல்பே. விரும்பலாம், ஆனால் பிறர் கட்டும் மண்டபத்திற்கு நாம் வைத்த அளவுகோலை அதற்கும் வைத்தல் வேண்டும். மாநக்கவாரம் என்ற சொல் கல்வெட்டில் உண்டு. அதனைக் கல்வெட்டின் படியோடு காட்டலாம். அதற்கு மேல் கோட்டை, துறைமுகம், மாளிகை என்று சான்றின்றிச் சுதையில் எழுப்பினால், அது கேளிக்கைப் பூங்கா ஆகிவிடும். ஸ்ரீவிஜயம் என்பது இராசேந்திரன் படையெடுத்துச் சென்ற கடல் கடந்த நாட்டின் பெயர் என்பதையும் அங்கே மறைக்காமல் எழுதவேண்டும்.

மேலும், தமிழர் வரலாறு அத்தீவுகளில் அரசனோடு முடிந்துவிடவில்லை. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்ற தமிழர், கடலைத் தாண்டிக் கடை வைத்த தமிழர், இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து உடன்படிக்கையின்கீழ் இந்தியா திரும்பி 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழர் ஆகியோருக்கும் அங்கு ஒரு சுவர் வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தோர்க்கும், ராஞ்சியிலிருந்து கூலிகளாக வந்தோர்க்கும், கைதிகளின் வழித்தோன்றல்களுக்கும் அதே சுவரில் இடம் வேண்டும். அவர்களுடைய கப்பற் சீட்டு, முதற் கூலிச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவை இன்னும் சில வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கலாம். பெரியவர்கள் மறைந்தபின் அவை குப்பைக்குப் போகும். அதற்கு முன் அவற்றைத் திரட்டுதல் நலம்.

அந்தமானுக்குப் போகும் வாய்ப்பு நம்மிற் பலருக்கு இனிமேல் கிடைக்கும். விமானத்தில் செல்வோர் சில மணி நேரத்தில் சென்று இறங்குவர். படகேறி அச்சிறு தீவிற்குச் செல்லும்பொழுது, புதிதாக எழும் பகுதியைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், அதற்கு அருகில் எது இருந்தது, அஃது இன்னும் இருக்கிறதா, இதனைப்பற்றி அங்கே எழுதியிருக்கிறதா என்று கேட்போமாக. நம் பிள்ளைகளையும் கேட்கச் சொல்வோமாக. கேட்பவர்கள் இருக்கும்வரை, புதியது கட்டுவோர் பழைய சுவரைத் தட்டிப் பார்த்தே கட்டுவார்கள்.